வாசல் தரைக்குத் தீபாவளிச் சாயம் வேண்டாம்

மாணவர்களே, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உங்கள் தாமானில் ஒரு மாலை நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு வாளி, ரோலர், விரித்துப் போட்ட பழைய நாளிதழ். சுவருக்கு ஒரு நிறம், கேட்டுக்கு ஒரு நிறம். எல்லாம் முடிந்தபின் கையில் கொஞ்சம் காசும் ஒரு மாலைப் பொழுதும் மிச்சம் இருந்தால், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கும் ஒரு பூச்சு. பெரும்பாலும் பச்சை, இல்லாவிட்டால் செங்கல் சிவப்பு. தீபாவளியன்று காலையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதே தெருவில் பொங்கல் சமயம் மறுபடியும் நடந்து பாருங்கள். டயர் நிற்கும் நான்கு இடங்களிலும் சாயம் பெயர்ந்திருக்கும். சுவர் ஓரமாகக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். விரிசலைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். "மட்டமான சாயம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அப்பா சொல்வார். அடுத்த தீபாவளிக்கு வேறு சாயம் வாங்குவார். அதுவும் உரியும்.

கோப்பெங்கில் எங்கள் வீட்டில் இந்தக் கதை நான்கு தீபாவளி நடந்தது. உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மேலேயே பூசுவோம். நான்காவது ஆண்டு, நல்ல பளபளப்பான சாயமாகப் பார்த்து வாங்கினோம். தீபாவளி முடிந்த வாரம், மழை விட்ட ஒரு மாலையில், துணி எடுக்க வெளியே போன அம்மா வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தரையில் பாசி இல்லை, எண்ணெய் இல்லை. புதுச் சாயம்தான் இருந்தது, மழை நீர் பட்டுக் கண்ணாடிபோல்.

அதன் பிறகுதான் அந்தத் தரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். யோசித்துப் பார்த்ததில் என் கருத்து இதுதான்: தீபாவளிக்கு முன் வாசல் தரைக்குச் சாயம் பூசும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் பூசுவோம். அதற்கும் முன்னால், தரைக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தீபாவளிக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

குன்றிலிருந்து வந்த தரை

கோப்பெங் ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வாசல் தரைக்கும் அந்தக் குன்றுகளுக்கும் உறவு உண்டு. சிமெண்டின் முதன்மை மூலப்பொருளே சுண்ணாம்புக்கல்தான். ஈப்போ தாசேக்கிலும், வடக்கே காந்தானிலும் சிமெண்டு ஆலைகள் அமைந்ததற்கு இந்தக் குன்றுகள்தாம் காரணம்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. கிடைக்கும் கட்டிகளுடன் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் சிமெண்டு. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று மூட்டையில் வருவது அதைவிட மேம்பட்டது என்றாலும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

சிமெண்டில் தண்ணீர் சேரும்போது அது 'காய்ந்து' கெட்டியாவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே ஒரு வேதி வினை நடக்கிறது. சிமெண்டு தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு புதிய சேர்மங்களாக மாறுகிறது. அப்படி உருவாகும் பொருள்களில் ஒன்று கால்சியம் ஹைட்ராக்சைடு. நான்காம் படிவத்தில் வேதியியல் படிக்கிறவர்களுக்கு இது காரம் என்று தெரியும். புதுக் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் நீரின் பி.எச். அளவு 12-க்கும் மேல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வினைக்கு வேண்டியதைவிட அதிகமாகத்தான் கொத்தனார் தண்ணீர் ஊற்றுவார். இல்லாவிட்டால் கலவையைப் பரப்ப முடியாது. மிச்சத் தண்ணீர் மெல்ல வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. ஆக, கல்போல் தோன்றும் உங்கள் தரை உண்மையில் மிக நுண்ணிய பஞ்சு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதில் தண்ணீர் ஏறும். இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள்.

தண்ணீருக்கு இரண்டு வழி

முதல் வழி மேலிருந்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாசல் தரை 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். பரப்பு 15 சதுர மீட்டர். ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்தத் தரைமேல் மட்டும் 750 லிட்டர் தண்ணீர் விழுகிறது. தரை சரிவாக இருந்தால் அது லோங்காங்குக்கு ஓடிவிடும். 5 மீட்டர் நீளத்துக்கு 10 செண்டிமீட்டர் தாழ்வு இருந்தால் போதுமான சரிவு. ஆனால் காரின் எடையில் நடுவே கொஞ்சம் பள்ளம் விழுந்திருந்தால், அங்கே தேங்கும் தண்ணீர் அடுத்த நாள் மதியம் வரை ஊறிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழி கீழிருந்து. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிந்தா பள்ளத்தாக்கில் பல தாமான்கள் பழைய ஈயலம்ப நிலத்தில் எழுந்தவை. பக்கத்திலேயே குட்டைகள் இருக்கும், நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இருக்காது. வீட்டுக் கூரைக் குழாய் வாசல் ஓரமாகவே தண்ணீரைக் கொட்டும். பூந்தொட்டிகள் வரிசையாக இருக்கும். இந்த ஈரமெல்லாம் மண்ணில் இறங்கி, தரையின் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறும். தரைக்குச் சாயம் இல்லாதபோது அது மேலே வந்து ஆவியாகிப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

தெரியும்படி அது விட்டுச் செல்லும் அடையாளம் ஒன்று உண்டு, அந்த வெள்ளைப் பொடி. தெம்புருங் குகைக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். மலாய் மொழியில் தெம்புருங் என்றால் கொட்டாங்கச்சி. குகைக் கூரையில் தொங்கும் கற்களைப் பார்த்து வியந்திருப்பீர்கள். அந்தத் தொங்குகல்லும் உங்கள் வாசலில் பூக்கும் வெள்ளைப் பொடியும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட்டு.

உருவாகும் வழி மட்டும் வேறு. குகையில், மண்ணிலிருந்து கரியமில வாயுவை எடுத்துவந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயுவை வெளியே விட்டுவிடுகிறது. கரைந்தது கல்லாகப் படிகிறது. வாசலில், தரைக்குள் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு நீர் மேலே ஏறுகிறது. மேலே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அங்கே வாயு போவதால் கல் உண்டாகிறது, இங்கே வாயு சேர்வதால் உண்டாகிறது. இரண்டு இடத்திலும் தண்ணீர்தான் சுமைகூலி.

அப்படியானால் வெள்ளைப் பொடி பூத்த தரை நமக்கு என்ன சொல்கிறது? "என் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது" என்கிறது. அதைத் துடைத்துவிட்டு மேலே சாயம் பூசுவது, காய்ச்சல்காரனின் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பவுடர் போடுவதற்குச் சமம்.

சாயம் ஏன் உரிகிறது

ஒரு லிட்டர் சாயம் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வையுங்கள். வகுத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது அதன் தடிப்பு 0.1 மில்லிமீட்டர். பாதியளவு ஆவியாகிப் போனால் மிஞ்சுவது 0.05 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிப்பு. கீழே இருந்து ஏறும் ஈரத்தை இந்த மெல்லிய தோல் தடுத்து நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மதியம் வெயில் ஏறும்போது தரைக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி மேலே தள்ளுகிறது. பிடிப்புக் குறைந்த இடத்தில் தோல் தூக்கிக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

அடுத்தது அந்தப் பி.எச். எண். கதவுக்கும் கேட்டுக்கும் வாங்கிய எண்ணெய்ச் சாயம் மிச்சம் இருக்கிறதே என்று தரையில் பூசுகிறோம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? செம்பனை எண்ணெயோடு காரம் சேர்த்துச் சோப்புச் செய்யும் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஈரக் கான்கிரீட்டின்மேல் எண்ணெய்ச் சாயம் பூசினால், அதன் அடிப்பக்கம் மெல்லச் சோப்பாக மாறுகிறது. பிடிப்பு போய்விடுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, நாம்தான் வேறு இடத்துக்கான சாயத்தைத் தரையில் பூசினோம். புதிதாகப் போட்ட தரைக்குக் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் சாயம் என்று சொல்வதற்கும் இந்தக் காரமும் ஈரமும்தாம் காரணம்.

மூன்றாவது டயர். ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம், ரப்பரைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டயர் வெறும் ரப்பர் இல்லை. அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஈப்போவிலிருந்து ஓடிவந்த கார் வாசலில் நிற்கும்போது டயர் சூடாக இருக்கிறது. அந்தச் சூடும், டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளும் சாயத்தை இளக்குகின்றன. டயர் ஆறும்போது சுருங்கி, இளகிய சாயத்தைப் பற்றி இழுக்கிறது. மறுநாள் காலையில் காரை எடுத்தால் சாயம் டயரோடு போகிறது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்பாக்சி சாயம் மிக உறுதியானது என்று சொல்லி விற்பார்கள். உறுதியானதுதான். ஆனால் கூரை இல்லாத வாசலில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு அது மஞ்சளாகும், நாளடைவில் சுண்ணாம்புபோல் பொடியாகும். தொழிற்சாலைக்கு உள்ளே நன்றாக இருப்பது வெளியேயும் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மாதத்தைப் பாருங்கள்

இப்போது நாள்காட்டியை எடுங்கள். தீபாவளி எப்போது வருகிறது? அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் மழை அதிகம் பெய்வது எப்போது? இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில். ஏப்ரல், மே ஒரு முறை. அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை. இரண்டாவதுதான் பொதுவாக அதிகம். காலையில் வெயில் சுட்டெரிக்கும், மூன்று மணிக்கு இடி, நான்கு மணிக்கு மழை. நமக்குப் பழகிய காட்சி.

அதாவது, ஆண்டிலேயே தரை அதிகமாக ஊறியிருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் நாம் சாயம் பூசுகிறோம். காலையில் தரையைக் கழுவுகிறோம். மேல்பக்கம் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிகிறது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. அவசரமாக ஒரு கை பூசுகிறோம். மாலையில் மழை வருகிறது. விருந்தாளிகள் வருவார்கள் என்று இரண்டு நாளில் காரை ஏற்றுகிறோம். இதில் எந்தச் சாயம் நிற்கும்?

ஜூன், ஜூலையில் நம் பக்கம் மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரியும் அப்படித்தான். மழையே இருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் தொடர்ந்து நான்கைந்து நாள் காய்ந்த தரை கிடைக்கும் வாய்ப்பு அப்போது அதிகம். அதற்காக ஒரு ரிங்கிட்கூட கூடுதலாகச் செலவாகாது. நாளை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

இங்கேதான் உங்கள் பங்கு. சாயம் வாங்குவதும் பூசுவதும் பெரியவர்கள் வேலையாக இருக்கலாம். ஆனால் பூசலாமா கூடாதா என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. மூன்றுக்கும் ஆய்வகம் தேவையில்லை.

முதலாவது, பிளாஸ்டிக் தாள் சோதனை. சாயம் உரிந்து சிமெண்டு தெரியும் இடத்தில், நேர் வெயில் படாதபடி, 45 செண்டிமீட்டர் சதுரமான தெளிவான பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் பார்த்தால் சரியாக இருக்கும். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்துத் தரை மட்டும் கருத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. ஒரு முறை செய்து முடிவு கட்டாதீர்கள். சுவர் ஓரம், நடு, கேட் பக்கம் என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, நீர்த்துளிச் சோதனை. தரையில் சில துளி தண்ணீர் விடுங்கள். சாயம் இல்லாத இடத்தில் துளி சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டுத் தரை கருத்தால், சாயம் பற்றிக்கொள்ளும். முத்துப்போல் நின்றால், அங்கே எண்ணெயோ பழைய காப்புப் பூச்சோ இருக்கிறது, புதுச் சாயம் பிடிக்காது. ஏற்கெனவே சாயமும் அதன்மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் உள்ள தரையில் இதே சோதனையைத் திருப்பிப் படியுங்கள். துளி முத்துப்போல் நின்றால் காப்புப் பூச்சு இன்னும் வேலை செய்கிறது. பரவி ஊறினால் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது, ஒட்டுநாடாச் சோதனை. நன்றாக இருப்பதாகத் தோன்றும் பழைய சாயத்தில், பெரியவர் ஒருவர் கத்தியால் பெருக்கல் குறிபோல் கீறட்டும். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். சாயம் நாடாவோடு வந்தால், அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த சாயம் பூசினாலும் அதுவும் வரும். புதுச் சாயம் பிடித்திருப்பது பழைய சாயத்தை. பழைய சாயமே தரையை விட்டுவிட்டால் புதியது எதைப் பிடிக்கும்? எங்கள் வீட்டு நான்கு தீபாவளிக் கதையும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அப்பாவிடம் "சாயம் பூச வேண்டாம்" என்று சொன்னால் கேட்கமாட்டார். நீர்த்துளி நிற்கும் பிளாஸ்டிக் தாளைக் காட்டினால் கேட்பார்.

பூசுவதென்றால் எப்படி

பிளாஸ்டிக் தாளில் ஈரம் தெரிந்தால் முதலில் தண்ணீரின் வழியை மாற்றுங்கள். கூரைக் குழாயை லோங்காங்குக்குத் திருப்புங்கள். பூந்தொட்டிகளை நகர்த்துங்கள். பள்ளத்தை நிரப்புங்கள். அதற்குப் பிறகும் ஈரம் வந்தால், அந்தத் தரைக்குச் சாயமே வேண்டாம் என்பது என் கருத்து. உரிந்த சாயத்தை எடுத்துவிட்டு, வெறும் சிமெண்டாக விட்டு, பாசியை மட்டும் தேய்த்துக் கழுவி வந்தால் போதும். வெறும் சிமெண்டு கேவலம் இல்லை.

ஈரம் இல்லையென்றால் தாராளமாகப் பூசுங்கள். தளர்ந்த சாயத்தையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய்க் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பளபளப்பாக எஞ்சியிருக்கும் சாயத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். விரிசலை வெறும் சிமெண்டால் அடைக்காதீர்கள். 5 மீட்டர் தரை இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். அந்த அசைவுக்கு இழுபட்டுக் கொடுக்கும் அடைப்புப் பசைதான் சரி. பிறகு இரண்டு மூன்று வெயில் நாள் காய விடுங்கள். வேலையின் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிட்டது. ரோலரைத் தொடுவது கடைசிக் கட்டம்.

தரைக்கென்றே செய்த சாயத்தைக் கேட்டு வாங்குங்கள். தடிப்பாக ஒரு கை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு கை நல்லது. தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே உள்ளது காயாமல் சிக்கிக்கொள்ளும். சுடும் வெயிலில் பூசாதீர்கள். தரை சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து குமிழி விடும்.

சாயத்தின்மேல் பூசும் நிறமற்ற காப்புப் பூச்சு, அதாவது சீலர், சாயத்துக்குக் குடை பிடிக்கிறது. தேய்மானமும் வெயிலும் முதலில் அதைத்தான் தாக்கும். இதில் இரண்டு வகை உண்டு. துளைக்குள் இறங்கி வேலை செய்யும் வகை வெறும் சிமெண்டுக்குத்தான் பயன்படும், சாயம் அதன் வழியை மறித்துவிடும். சாயம் பூசிய தரைக்கு மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் வகை வேண்டும். சில சீலர்களில் உள்ள கரைப்பான் கீழே உள்ள சாயத்தையே இளக்கிச் சுருங்க வைத்துவிடும். அதனால் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு பூசி, ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பூசிய பிறகு பால்போல் வெளுத்தால் ஈரம் சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய ஒரு கை போதும். ஆண்டுதோறும் மேலே மேலே ஏற்றினால் அது தடித்து வெடிக்கும்.

நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று: கடைசிக் கையில் மணல் சேருங்கள். இதற்கென்றே நுண்ணிய மணல் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். சாயமோ சீலரோ ஈரமாக இருக்கும்போது சீராகத் தூவலாம், அல்லது கலந்து பூசலாம். நடக்கும்போது காலில் இலேசாகச் சொரசொரக்கும். பளபளப்புக் குறையும். என் அம்மாவின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டு அந்தப் பளபளப்பை விட்டுக்கொடுங்கள். டின்னில் எழுதியிருக்கும் நாள் வரை, பொதுவாக ஒரு வாரம், காரை வெளியே நிறுத்துங்கள்.

அமிலத்தைத் தொடாதீர்கள்

தரையைச் சொரசொரப்பாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றும் வழக்கம் உண்டு. அமிலம் தரையிலுள்ள காரத்தோடும் கார்பனேட்டோடும் வினைபுரிந்து நுரைக்கும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதன் ஆவி மூச்சுக்குழாயைச் சுடும், தெறித்தால் கண் போகும். இது மாணவர்கள் செய்யும் வேலை இல்லவே இல்லை.

அதைவிட ஆபத்தான ஒன்று பல வீடுகளில் தெரியாமலே நடக்கிறது. பாசிக்கு வெளுப்பான் ஊற்றிவிட்டு, போகவில்லையே என்று அதன்மேல் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்றே வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

கழுவிய சாயத் தண்ணீரையும் நினையுங்கள். வாசலிலிருந்து லோங்காங், லோங்காங்கிலிருந்து ஆறு. கம்பார் ஆற்றில் படகு விட எங்கெங்கிருந்தோ மக்கள் கோப்பெங் வருகிறார்கள். நம் ரோலரைக் கழுவிய தண்ணீர் அங்கே போக வேண்டியதில்லை. சுரண்டிய சாயத் துகளைக் கூட்டிக் குப்பைப் பையில் கட்டுங்கள். ரோலரைக் கழுவுவதற்கு முன் மிச்சச் சாயத்தைப் பழைய நாளிதழில் உருட்டி எடுத்துவிடுங்கள்.

தீபாவளி என்ன ஆகும்?

"பண்டிகைக்கு வீடு புதுசாக இருக்க வேண்டாமா?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். தோட்டத்து வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்துப் பண்டிகையை வரவேற்ற தலைமுறை அது. தனக்கென்று ஒரு வாசல் கிடைத்தபின் அதை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறு இல்லை. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை.

சுவருக்குப் பூசுங்கள், கேட்டுக்குப் பூசுங்கள். சுவரின்மேல் யாரும் காரை நிறுத்துவதில்லை, நடந்து வழுக்கி விழுவதும் இல்லை. தரைக்கு மட்டும் ஜூன் மாதத்தைக் கொடுங்கள். அக்டோபரில் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சாய அரிசியில் ஒரு வண்ணக்கோலம் போட்டால், வருகிறவர்கள் கோலத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு எதிர்ப்பும் வரும்: "இவ்வளவு யோசிப்பதற்கு, உடைத்துவிட்டுப் புதுத் தரை போட்டுவிடலாமே?" உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 விழுக்காடு சிமெண்டுத் தயாரிப்பிலிருந்து வருகிறது. நம் பக்கம் குன்றுகள் குறைந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். இருக்கும் தரையைப் பராமரித்து இன்னும் இருபது ஆண்டு ஓட்டுவதும் அந்தக் குன்றுக்கு நாம் செய்யும் மரியாதைதான்.

ஒரு காலத்தில் கோப்பெங்கில் மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து, அதைப் பீய்ச்சியடித்தே மண்மேட்டைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். தண்ணீரின் பலத்தை அறிந்த ஊர் இது. ஒரு தலைமுடித் தடிப்புச் சாயத்தை வைத்து அதே தண்ணீரைத் தடுத்துவிடலாம் என்று நாம் நினைக்கலாமா?

இந்த வார இறுதியில் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். மறுநாள் காலையில் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பாவையும் கூப்பிடுங்கள்.